ஈஸ்ட்ரோஜன் ஆணுக்கு எதிரியா? - டெஸ்டோஸ்டீரான் ஊசியோடு எடுக்கும் தடுப்பு மாத்திரையை நிறுத்தும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

‘ஈஸ்ட்ரோஜன் பொம்பளைங்க ஹார்மோன். அது ஏறினா மார்பு வந்துடும், முகம் ஊதிடும்.’ ஜிம் பக்கம் ஒதுங்கியவர்கள் இந்தப் பேச்சைக் கேட்காமல் வந்திருக்க மாட்டார்கள். டெஸ்டோஸ்டீரான் சிகிச்சையில் இருக்கும் ஆண்களில் சிலர், ஊசியோடு கூடவே ஒரு சின்ன மாத்திரையையும் விழுங்குவதற்கு இந்தப் பயம்தான் காரணம். ஊசி டெஸ்டோஸ்டீரானை ஏற்றும்; மாத்திரை ஈஸ்ட்ரோஜனை இறக்கும். கேட்பதற்குக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால், சில மாதங்கள் போனதும் மூட்டு வலிக்கிறது. தூக்கம் கெடுகிறது. எதற்காக சிகிச்சைக்குப் போனாரோ, அந்தத் தாம்பத்ய ஆர்வமே மறுபடி குறைகிறது. ‘ஊசி போதவில்லை போல’ என்று டோஸைக் கூட்டுகிறார்கள். டோஸ் கூடினால் ஈஸ்ட்ரோஜன் கூடும் என்று மாத்திரையையும் கூட்டுகிறார்கள். அப்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது: ‘இந்த மாத்திரையை நிறுத்தினால் என்ன?’

பெரும்பாலானவர்களுக்கு அந்த மாத்திரை முதலிலேயே தேவைப்பட்டிருக்காது என்பதுதான் இதில் பலருக்கும் தெரியாத விஷயம். அதற்காக இன்றிரவே தூக்கிப் போட்டுவிடலாம் என்றும் அர்த்தமில்லை. ஏன் என்று பார்ப்போம்.

ஆண் குதிரை சொன்ன உண்மை

1934-ம் ஆண்டு, பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்ற விஞ்ஞானி ஆச்சர்யமான ஒரு விஷயத்தை வெளியிட்டார். ஆண் குதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் ஏராளமாக இருந்தது. கம்பீரத்துக்கே உதாரணமாகச் சொல்லப்படும் பொலிகுதிரையின் உடம்பில் ‘பெண் ஹார்மோன்’ எப்படி வந்தது?

விடை பிறகு தெரிந்தது. ஆண் உடல், டெஸ்டோஸ்டீரானின் ஒரு சிறு பங்கை ஈஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. இந்த வேலையைச் செய்யும் நொதியின் பெயர் அரோமடேஸ். கொழுப்புத் திசு, எலும்பு, மூளை, விதைப்பை எனப் பல இடங்களில் அது இருக்கிறது. மாறுவது, சுரக்கும் டெஸ்டோஸ்டீரானில் 1 சதவிகிதத்துக்கும் குறைவுதான். ஆனால், ஆணின் ரத்தத்தில் இருக்கும் ஈஸ்ட்ரடையாலில் சுமார் 80 சதவிகிதம் இந்த வழியில் வந்ததுதான்.

அனஸ்ட்ரோஸோல், லெட்ரோஸோல், எக்ஸெமெஸ்டேன் ஆகிய மாத்திரைகள் இந்த அரோமடேஸைத்தான் முடக்குகின்றன. இவை ஆண்களுக்காக வந்த மருந்துகளே அல்ல. மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்காக வந்தவை. அனஸ்ட்ரோஸோலுக்கு அமெரிக்காவில் 1995-ல் அனுமதி கிடைத்தது. டெஸ்டோஸ்டீரான் எடுக்கும் ஆண்களுக்கென்று இவற்றுக்குத் தனி அனுமதி கிடையாது. மருத்துவர்கள் சிலருக்குத் தங்கள் பொறுப்பில்தான் எழுதித் தருகிறார்கள்.

எலும்பும் கேட்கிறது, மனசும் கேட்கிறது

ஈஸ்ட்ரோஜன் இல்லாவிட்டால் ஆணுக்கு என்ன ஆகும்? 1994-ல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்த ஒரு 28 வயது இளைஞரின் கதை இதற்கு நல்ல உதாரணம். அவருக்கு டெஸ்டோஸ்டீரான் சரியாகவே இருந்தது. ஆனால், பிறவிக் குறைபாட்டால் அவர் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யவில்லை. 204 சென்டிமீட்டர் உயரம் வளர்ந்துவிட்டார். அப்போதும் வளர்ச்சி நிற்கவில்லை. அவருடைய எலும்பின் வயது 15 வயதுப் பையனின் அளவில் இருந்தது. அந்த எலும்புகளும் அடர்த்தி குறைந்து பலவீனமாகக் கிடந்தன.

1997-ல் இத்தாலியில் இன்னொருவர். இவருக்கு அரோமடேஸ் நொதியே இல்லை. டெஸ்டோஸ்டீரான் கொடுத்துப் பார்த்தார்கள், எலும்பு தேறவில்லை. ஈஸ்ட்ரடையால் கொடுத்த பிறகுதான் எலும்பு கெட்டிப்பட்டது, உயரம் கூடுவது நின்றது. ஆணின் எலும்பைக் காப்பதில் பெரும்பங்கு ஈஸ்ட்ரோஜனுக்கு உண்டு என்பதை இந்த இருவரும்தான் உலகுக்குப் புரியவைத்தார்கள்.

இவை அபூர்வக் குறைபாடுகள்தானே என்று நினைக்கலாம். 2013-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள், 20 முதல் 50 வயது வரையிலான ஆரோக்கியமான 400 ஆண்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அவர்களின் இயற்கையான ஹார்மோன் சுரப்பை மருந்தால் நிறுத்திவிட்டு, வெவ்வேறு அளவில் டெஸ்டோஸ்டீரான் ஜெல் கொடுத்தார்கள். சிலருக்கு ஜெல்லே இல்லாமல் வெறும் போலி மருந்து. ஏறக்குறைய பாதிப் பேருக்கு மட்டும் கூடவே அனஸ்ட்ரோஸோல். 16 வாரங்கள் இப்படியே போனது.

முடிவு என்ன தெரியுமா? தசையின் அளவும் பலமும் குறைந்ததற்குக் காரணம் டெஸ்டோஸ்டீரான் குறைவு. ஆனால், உடலில் கொழுப்பு கூடியதற்கு முக்கியக் காரணம் ஈஸ்ட்ரோஜன் குறைவு. தாம்பத்ய ஆர்வமும் செயல்பாடும் சரிந்ததில் இரண்டு ஹார்மோன்களுக்குமே பங்கு இருந்தது. தொப்பை குறையும், ஆர்வம் கூடும் என்று நம்பி விழுங்கும் மாத்திரை, இரண்டையுமே எதிர்த்திசையில் தள்ளக்கூடியது என்று இதற்குப் பொருள்.

2009-ல் வெளியான இன்னோர் ஆய்வு எலும்பைப் பற்றியது. டெஸ்டோஸ்டீரான் குறைவாக இருந்த, 60 வயதைக் கடந்த 69 ஆண்கள் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்குத் தினமும் 1 மில்லிகிராம் அனஸ்ட்ரோஸோல், ஓர் ஆண்டுக்கு. அவர்களின் டெஸ்டோஸ்டீரான் உயர்ந்தது. ஆனால், முதுகெலும்பின் அடர்த்தி குறைந்தது. லேப் ரிப்போர்ட்டில் நம்பர் அழகாக ஏறிக்கொண்டிருந்தபோதே, எலும்பு கரைந்துகொண்டிருந்தது.

மாத்திரை எப்படி வந்து ஒட்டிக்கொண்டது?

45 வயதான ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். சர்க்கரைநோய் இருக்கிறது, கொஞ்சம் தொப்பை. சோர்வும் ஆர்வக்குறைவும் தாங்காமல் பரிசோதித்ததில் டெஸ்டோஸ்டீரான் குறைவு என்று தெரிகிறது. ஊசி தொடங்குகிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெரிய டோஸ்.

ஊசி போட்ட முதல் சில நாள்களில் டெஸ்டோஸ்டீரான் மலை உச்சிக்கு ஏறுகிறது. ஈஸ்ட்ரடையாலும் பின்னாலேயே ஏறுகிறது. வயிற்றுக் கொழுப்பில் அரோமடேஸ் அதிகம் என்பதால் தொப்பை இருப்பவர்களுக்கு இந்த ஏற்றம் இன்னும் கூடும். மார்புக் காம்பில் லேசான வலி, கால் கொஞ்சம் வீங்கினாற்போல உணர்வு. அந்த நேரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஈஸ்ட்ரடையால் அதிகம் என்றுதான் வரும். உடனே தடுப்பு மாத்திரை எழுதப்படுகிறது, அல்லது ஜிம் நண்பர் ‘இதையும் சேர்த்துப் போடு’ என்கிறார்.

இங்கே கேட்கப்படாமல் போன கேள்வி ஒன்று உண்டு. ஈஸ்ட்ரோஜன் அதிகமா, இல்லை, டெஸ்டோஸ்டீரான் டோஸே அதிகமா? தொட்டியில் தண்ணீர் வழிகிறது என்றால் முதலில் மோட்டாரைத்தான் பார்க்க வேண்டும். இங்கே மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. வழியும் தண்ணீரை மட்டும் துடைத்துக்கொண்டிருக்கிறோம். டோஸைக் குறைப்பது, ஒரே பெரிய ஊசிக்குப் பதில் சின்ன அளவாகப் பிரித்து அடிக்கடி போடுவது, ஏற்ற இறக்கம் குறைந்த ஜெல்லுக்கோ நீண்ட நாள் வேலை செய்யும் ஊசிக்கோ மாறுவது, எடையைக் குறைப்பது... பலருக்கு இவற்றிலேயே பிரச்னை முடிந்துவிடும்.

குறைந்தாலும் வலி, கூடினாலும் வலி!

ஈஸ்ட்ரடையால் அதிகமானால் மார்பில் வலியும் வீக்கமும் வரலாம். மிகவும் குறைந்தால் மூட்டுகளில் வலி, திடீரென உடம்பு கொதித்து வியர்ப்பது, ஆர்வக்குறைவு, எரிச்சல், சோர்வு, நாளடைவில் எலும்புத் தேய்மானம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்கள் சொல்லும் தொந்தரவுகளை இந்தப் பட்டியலில் அடையாளம் காண முடியும். காரணம் ஒன்றுதான், ஈஸ்ட்ரோஜன் இழப்பு. தன் கணவருக்கு ஏன் இப்படி நடுராத்திரியில் வியர்க்கிறது என்று ஒரு மனைவிக்கு டாக்டருக்கு முன்பே பிடிபட்டுவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், சோர்வும் ஆர்வக்குறைவும் எரிச்சலும் வேறு பல காரணங்களாலும் வரும். தூக்கத்தில் மூச்சுத்திணறல், தைராய்டு, சர்க்கரை, மனஅழுத்தம், குடிப்பழக்கம் என்று பட்டியல் நீளும். ஆகவே, அறிகுறியை மட்டும் வைத்து ‘எனக்கு ஈஸ்ட்ரோஜன் ஏறிவிட்டது’, ‘இறங்கிவிட்டது’ என்று தானே முடிவுகட்டி மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதுபோலத்தான்.

நிறுத்தினால் என்ன நடக்கும்?

அனஸ்ட்ரோஸோல் உடலில் பாதியாகக் குறைய சுமார் 50 மணி நேரம் ஆகும். லெட்ரோஸோலுக்கும் ஏறக்குறைய 2 நாள்கள். அந்தக் கணக்கில், கடைசி மாத்திரைக்குப் பிறகு சுமார் 10 நாள்களில் மருந்து பெருமளவு வெளியேறிவிடும். அரோமடேஸ் மறுபடி வேலையைத் தொடங்கும். எக்ஸெமெஸ்டேன் கொஞ்சம் வேறு ரகம். அது சீக்கிரமே வெளியேறிவிடும். ஆனால், தான் தொட்ட நொதியை நிரந்தரமாக முடக்கிவிட்டுத்தான் போகும். உடல் புதிய நொதியை உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

‘நிறுத்தினால் ஈஸ்ட்ரோஜன் எகிறிவிடும்’ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ஈஸ்ட்ரடையால் உயரும் என்பது உண்மைதான். அது போய்ச் சேரும் இடம், நீங்கள் எடுத்துக்கொள்ளும் டெஸ்டோஸ்டீரானின் அளவையும் உங்கள் உடலின் கொழுப்பையும் பொறுத்தது. டோஸ் சரியாக இருந்தால் அது ஒரு நியாயமான இடத்தில் நிற்கும். டோஸ் அதிகமாக இருந்தால், மாத்திரை இதுவரை மறைத்துவைத்திருந்த அதிகம் வெளியே தெரியும். அப்போது பார்க்க வேண்டியது ஊசியின் அளவைத்தான்.

முதல் சில வாரங்களில் லேசாக நீர்கோத்ததுபோல உணர்வதோ, மார்புக் காம்பு கூசுவதோ சிலருக்கு ஏற்படலாம். அதைக் கண்டு பதறி மூன்றாம் நாளே மாத்திரையைத் திரும்ப எடுத்தால் எதுவுமே தெரியாமல் போய்விடும். உடல் சமநிலைக்கு வரச் சில வாரங்கள் தேவை. மூட்டு வலியும் மனநிலையும் தேறக் கொஞ்சம் காலம் பிடிக்கலாம். எலும்பு அடர்த்தி மெதுவாகத்தான் மாறும். அதை மாதக்கணக்கில் அல்ல, வருடக்கணக்கில்தான் அளக்க வேண்டும்.

நிறுத்தும் முன் டாக்டரிடம் பேச வேண்டியவை

* இந்த மாத்திரை எனக்கு எதற்காகத் தொடங்கப்பட்டது? மார்பில் வீக்கம் இருந்ததா, லேப் ரிப்போர்ட்டில் இருந்த நம்பருக்காகவா, அல்லது யாரும் சொல்லாமல் நானாகவே சேர்த்துக்கொண்டேனா? மூன்றாவதுதான் உண்மை என்றாலும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

* டெஸ்டோஸ்டீரான் டோஸும் இடைவெளியும் சரியா? பொதுவான இலக்கு, இயல்பான அளவின் நடுப்பகுதிதான். உச்சத்தைத் தாண்டுவது அல்ல.

* எந்த நாளில் ரத்தம் கொடுக்க வேண்டும்? ஊசி போட்ட மறுநாளும், அடுத்த ஊசிக்கு முந்தைய நாளும் கொடுத்த ரத்தத்தை ஒப்பிட்டால் இரண்டு வெவ்வேறு மனிதர்களின் ரிப்போர்ட்போல இருக்கும். ஒவ்வொரு முறையும் ஊசிச் சுழற்சியின் அதே கட்டத்தில் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

* ஈஸ்ட்ரடையாலை எந்த முறையில் அளக்கிறார்கள்? சாதாரணமாகச் செய்யப்படும் இம்யூனோஅஸே முறை, பெண்களிடம் இருக்கும் உயர்ந்த அளவுகளுக்குத்தான் பொருத்தமானது. ஆண்களிடம் இருக்கும் சிறிய அளவில் அது தடுமாறும். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறை இன்னும் துல்லியமானது. தலைமுடிக்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் லேபில் முன்பே சொல்லிவிட வேண்டும்; சில ஹார்மோன் பரிசோதனைகளின் முடிவை அது மாற்றிக்காட்டும்.

* எலும்பைப் பார்க்க வேண்டுமா? மாத்திரையை நீண்ட நாள் எடுத்தவர்கள், ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்கள், வயதானவர்கள் டெக்ஸா ஸ்கேன் பற்றிக் கேட்கலாம்.

* மற்ற பரிசோதனைகள் நடக்கின்றனவா? டெஸ்டோஸ்டீரான் எடுப்பவர்களுக்கு ரத்தம் கெட்டிப்படும் வாய்ப்பு உண்டு. ஹீமடோக்ரிட் 54 சதவிகிதத்தைத் தாண்டினால் சிகிச்சையை நிறுத்திவைக்க வேண்டும் என்கின்றன வழிகாட்டுதல்கள். நடுவயதைத் தாண்டியவர்களுக்கு புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ பரிசோதனையும் முக்கியம். ஈஸ்ட்ரோஜன் கவலையில் இவற்றை மறந்துவிடக் கூடாது.

ஒரே நேரத்தில் ஊசியின் டோஸ், மாத்திரை, உடற்பயிற்சி, உணவு என எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றை மாற்றி, காத்திருந்து, பரிசோதித்து, பிறகு அடுத்தது. எண்டோகிரைனாலஜிஸ்ட் எனப்படும் ஹார்மோன் சிறப்பு மருத்துவர் இதற்குச் சரியான ஆள்.

இவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது

முதலில், மார்பகப் புற்றுநோய்க்காக இதே மாத்திரைகளை எடுக்கும் பெண்கள். உங்கள் வீட்டில் அம்மாவோ, அக்காவோ, மனைவியோ அனஸ்ட்ரோஸோல் அல்லது லெட்ரோஸோல் எடுத்துக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு இது நோய் திரும்பாமல் காக்கும் மருந்து. பெரும்பாலும் 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ எடுக்க வேண்டியிருக்கும். மூட்டு வலியும் எலும்பு பலவீனமும் அவர்களுக்கும் வரக்கூடும். அதற்குத் தனி மருத்துவம் இருக்கிறது. ‘ஆண்கள் நிறுத்தலாமாமே, நீயும் நிறுத்திவிடு’ என்று இந்தக் கட்டுரையைக் காட்டி யாரும் சொல்லிவிடக் கூடாது.

அடுத்து, குழந்தைக்காக சிகிச்சை பெறும் ஆண்கள். வெளியிலிருந்து வரும் டெஸ்டோஸ்டீரான், விதைப்பைக்கு மூளை அனுப்பும் கட்டளையையே நிறுத்திவிடும்; விந்தணு உற்பத்தி சரியும். குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு டெஸ்டோஸ்டீரான் ஊசி ஏற்றதல்ல. அவர்களில் சிலருக்கு ஊசி இல்லாமல், அரோமடேஸ் தடுப்பு மாத்திரையை மட்டும் மருத்துவர் கொடுப்பதுண்டு. அந்தக் கணக்கு வேறு. புதிதாகத் திருமணமாகி, ‘ஜிம்முக்காகக் கொஞ்ச நாள்’ என்று ஊசி போடும் இளைஞர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிப்பது நல்லது.

மூன்றாவது, மார்பு வீக்கத்துக்காக மருத்துவக் கண்காணிப்பில் இருப்பவர்கள். வீக்கத்துக்கு ஈரல் நோயோ, வேறு மருந்துகளோகூடக் காரணமாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி, காம்பிலிருந்து ரத்தக் கசிவு என்றால் ஹார்மோன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மார்பகப் புற்றுநோய் ஆண்களுக்கும் வரும்.

போட்டிகளில் பங்கேற்கும் விளையாட்டு வீரர்களுக்கு ஒரு சேதி. டெஸ்டோஸ்டீரான், அரோமடேஸ் தடுப்பான்கள் இரண்டுமே உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் உள்ளவை. போட்டிக் காலம், ஓய்வுக் காலம் என்ற வேறுபாடெல்லாம் கிடையாது.

டோஸைச் சரிசெய்தால் போதும்

டெஸ்டோஸ்டீரான் குறைபாடு உண்மையான நோய். காலையில் எடுத்த ரத்தத்தில் இரண்டு முறை உறுதிசெய்து, சரியான அளவில் எடுத்தால் பலருக்கு வாழ்க்கை திரும்பக் கிடைக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த சிகிச்சையின் பலனில் ஒரு பங்கு, ஈஸ்ட்ரோஜனாக மாறிய பிறகுதான் உடலுக்குக் கிடைக்கிறது. எலும்புக்கும் ஆர்வத்துக்கும் போய்ச் சேரவேண்டிய அந்தப் பங்கை, பெயரில் ‘பெண்’ இருக்கிறது என்பதற்காகத் தடுத்து நிறுத்துவது, சம்பளத்தை வாங்கி ஓட்டைப் பையில் போடுவதற்குச் சமம்.

மாத்திரை டப்பாவைக் குப்பையில் போடும் முன், அதையும் ஊசிச் சீட்டையும் கடைசி இரண்டு ரத்த ரிப்போர்ட்டுகளையும் ஒரே கவரில் போட்டு டாக்டர் மேஜைக்கு எடுத்துச் செல்லுங்கள். ‘இது எனக்கு இன்னும் தேவையா, ஊசியின் அளவைக் குறைத்துப் பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். கூச்சம் இருந்தால் மனைவியையும் கூட அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் சொல்ல மறந்ததை அவர் சொல்லிவிடுவார்.